உறங்கிய வண்டியை எழுப்பும் முறை



பழைய மோட்டார் வண்டி ஒன்று கொட்டகையின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் பல ஆண்டுகளாக உறங்கிக் கிடப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். தாத்தா ஓட்டிய வண்டி என்று அதனை விற்க மனம் வராமல் வைத்திருப்போர் உளர். பழுது பார்க்கப் பணமின்றி நிறுத்தி வைத்தோரும் உளர். என்றேனும் ஒரு நாள், "இதனை மீண்டும் ஓடச் செய்யலாமே!" என்ற ஆசை வீட்டில் ஒருவருக்குப் பிறக்கின்றது. ஆசை நல்லதே. ஆனால், அந்த ஆசையால் உயிருக்கு ஆபத்து நேராதிருக்க வேண்டுமாயின், வேலையை எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் செய்வது என்பதை அறிந்திருத்தல் இன்றியமையாதது. அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாக, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் மிகுதியாக ஓடிய மோரிஸ் மைனர் என்னும் சிறிய வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் அமைப்பு எளியது. ஆகவே, கற்பதற்கு ஏற்றது.

மோரிஸ் மைனரின் வரலாறு

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் மிதிவண்டி பழுது பார்க்கும் தொழிலில் தம் வாழ்க்கையைத் தொடங்கியவர் வில்லியம் மோரிஸ். அவருடைய நிறுவனமே பிற்காலத்தில் மோரிஸ் வண்டிகளைச் செய்தது. மோரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1906-ஆம் ஆண்டில் ஸ்மிர்னா என்னும் துறைமுக நகரில் பிறந்த இவரே, 1959-இல் வெளிவந்த மினி வண்டியையும் வடிவமைத்தவர்.

மைனர் வண்டி 1948-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. வேலை முடியும் தறுவாயில், வண்டி மிகவும் ஒடுக்கமாக இருப்பதாக இஸ்ஸிகோனிஸ் கருதினார். மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் நகர்த்தி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார். வண்டியின் முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அதன் அடையாளமாக இன்றும் விளங்குகின்றது. செய்த வேலையைத் திருத்த அஞ்சாதவனே சிறந்த தொழிலாளி என்பதற்கு இஃது ஒரு சான்று.

பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் மோரிஸ் மைனரே ஆகும். 1970-களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றபோது, 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. அதனால்தான் இன்றும் பல நாடுகளில் அவை கொட்டகைகளில் கண்டெடுக்கப்படுகின்றன.

ஓடாத வண்டி ஏன் கெடுகிறது?

"ஓட்டாமல் வைத்த வண்டி தேயாதே! புதிது போலத்தானே இருக்கும்?" என்று சிலர் கேட்பதுண்டு. இயந்திரத்தைப் பொறுத்தவரை இக்கூற்று சரியன்று. ஓடும் வண்டியில் எண்ணெய் எல்லா உறுப்புகளையும் நனைத்துக் காக்கின்றது. நின்றுபோன வண்டியில் எண்ணெய் கீழே வடிந்து விடுகின்றது. காற்றும் ஈரமும் இரும்பைத் தாக்குகின்றன. இரும்பு, ஆக்சிஜன், நீர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். வெப்பமும் ஈரமும் நிறைந்த நம் நாட்டுத் தட்பவெப்ப நிலையில் அது விரைந்து நிகழ்கின்றது.

பெட்ரோலும் கெடும். அதிலுள்ள இலேசான பகுதிகள் ஆவியாகிவிட, எஞ்சியவை காற்றோடு கலந்து பிசின் போலாகிக் குழாய்களை அடைக்கின்றன. ரப்பரின் நிலையும் அதுவே. நம் தோட்டத் தொழிலாளர் அதிகாலையில் எழுந்து சீவி எடுக்கும் பாலிலிருந்து பிறக்கும் ரப்பர், காற்றாலும் வெயிலாலும் காலப்போக்கில் இறுகி, வெடித்து, வலுவிழக்கின்றது. வண்டியில் டயர் மட்டுமா ரப்பர்? பிரேக்கின் உள்ளே இருக்கும் சிறு வளையங்களும் ரப்பரே. அவற்றை எவரும் பார்ப்பதில்லை.

முதலில் எதைத் தொடுவது?

பெரும்பாலோர் முதலில் எஞ்சினை நோக்கி ஓடுகின்றனர். பேட்டரி ஒன்றை இரவல் வாங்கி வந்து பூட்டுகின்றனர். எஞ்சின் உறுமினால் வீடே மகிழ்ச்சியில் ஆழ்கின்றது. உடனே ஒருவர் அமர்ந்து சாலைக்கு ஓட்டுகின்றார். அந்த வண்டியால் நிற்க முடியுமா என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓடாத வண்டி எவரையும் கொல்லாது. நிற்காத வண்டி கொன்றுவிடும். ஆகவே, ஓடச் செய்வதற்கு முன் நிற்கச் செய்க. பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி. இனி, வேலைகளை வரிசையாகக் காண்போம்.

1. உடலைச் சோதித்தல்

மோரிஸ் மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. தகட்டால் ஆன உடலே முழுப் பாரத்தையும் தாங்குகின்றது. எனவே துரு என்பது இங்கே அழகு கெடுவது மட்டும் அன்று. வண்டியின் எலும்பே அரிக்கப்படுவது ஆகும். கதவுகளுக்குக் கீழுள்ள பகுதி, தரைத்தகடு, பின் வில்தகடுகள் பூட்டப்பட்டுள்ள இடங்கள் ஆகியவற்றைத் திருப்புளியின் முனையால் தட்டியும் குத்தியும் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். அரிக்கப்பட்ட இரும்பு மங்கிய ஒலி தரும்; சில வேளைகளில் திருப்புளி உள்ளே புகுந்துவிடும்.

துருவின் மேல் மாவு பூசிச் சாயம் அடித்து மறைப்பாரும் உளர். பழைய வண்டியை விலைக்கு வாங்க எண்ணும் பெற்றோர் இதனைக் கவனிக்க வேண்டும். பளபளக்கும் சாயத்தைப் பார்த்துப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்த பின்னரே விலை பேசுங்கள். உடல் முழுவதும் அரிக்கப்பட்டிருந்தால், செலவு வண்டியின் விலையை மிஞ்சிவிடும். எல்லா வண்டிகளையும் எழுப்ப இயலாது என்பதையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அத்தகைய வண்டியின் நல்ல உறுப்புகள் மற்றொரு வண்டிக்கு வாழ்வளிக்கும்.

பற்றவைப்பு வேலை வேண்டியிருந்தால், பெட்ரோல் தொட்டியை முன்னதாகக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். "தொட்டி காலியாகத்தானே இருக்கிறது" என்று எண்ணுவது பேராபத்து. காலித் தொட்டிக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். ஒரு பொறி பட்டால் அது குண்டுபோல் வெடிக்கும்.

2. வண்டியைத் தூக்குதல்

வண்டிக்கு அடியில் வேலை செய்வோர் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுத்தலாகாது. ஜாக்கி என்பது தூக்குவதற்கு உரிய கருவி, தாங்குவதற்கு உரியதன்று. சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, தூக்கப்படாத சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, உறுதியான இரும்புத் தாங்கிகளின் மேல் வண்டியை இறக்கிய பின்னரே அடியில் செல்ல வேண்டும். செங்கல்லை அடுக்கி வைத்தல் கூடவே கூடாது. செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

3. பிரேக்

மைனரின் நான்கு சக்கரங்களிலும் பறை வடிவ பிரேக்குகள் உள்ளன. நாம் மிதியை மிதிக்கும்போது, தலைமைச் சிலிண்டரில் உள்ள திரவம் குழாய்களின் வழியே அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கின்றது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்ற அறிவியல் உண்மையே இதற்கு அடிப்படை.

பேச்சுவழக்கில் இத்திரவத்தைப் 'பிரேக் ஆயில்' என்கிறோம். உண்மையில் அது எண்ணெய் அன்று. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடைய வேறொரு திரவம். பெயரை நம்பி எஞ்சின் எண்ணெயை அதில் ஊற்றிவிட்டால், உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிப்போய் பிரேக் முழுவதும் பாழாகும்.

டாட் 3 என்னும் தரத்தைச் சேர்ந்த புதிய பிரேக் திரவம் 205 பாகை செல்சியசுக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் உறிஞ்சிய நிலையில் அந்த எல்லை 140 பாகையாகக் குறைந்துவிடுகின்றது. பல ஆண்டுகள் கிடந்த திரவத்தின் நிலை இன்னும் மோசம். மலைச்சரிவில் இறங்கும்போது பிரேக் சூடேறும். திரவத்தில் கலந்த நீர் கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிவிடும். மிதி தரையைத் தொடும், வண்டியோ நிற்காது. மேலும், அந்த நீர் சிலிண்டர்களின் உட்புறத்தைத் துருப்பிடிக்கச் செய்து பிஸ்டனை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இவ்வண்டியின் பிரேக் மண்டலம் ஒரே வழி உடையது. ஒரு சக்கரத்தில் கசிவு ஏற்பட்டாலும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். கைப்பிரேக் ஒன்றே எஞ்சும். தலைமைச் சிலிண்டரோ ஓட்டுநரின் காலடியில், தரைக்கு அடியில் மறைந்திருக்கின்றது. கண்ணில் படாததால் பலரும் அதனை மறந்துவிடுகின்றனர்.

ஆகவே, சிலிண்டர்கள் அனைத்தையும் கழற்றிச் சோதித்து, ரப்பர் வளையங்களையும் ரப்பர் குழாய்களையும் புதியனவாக மாற்றுதல் வேண்டும். துருவேறிய இரும்புக் குழாய்களையும் மாற்ற வேண்டும். புதிய திரவத்தை நிரப்பி, உள்ளே தங்கிய காற்றை முற்றாக வெளியேற்ற வேண்டும். இவ்வேலையைத் தேர்ந்த தொழிலாளரே செய்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குள் சென்றால் பல ஆண்டுகள் கழித்துக் கொடிய நோயைத் தரும். அத்தூசை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயால் அடிப்பதும் ஆகா. ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும். சிறுவர்கள் அவ்விடத்தில் நிற்கவே கூடாது.

4. முன் சக்கரங்களின் மூட்டு

மைனரின் முன் சக்கரங்கள் திருகு வெட்டப்பட்ட மூட்டுகளின் மேல் திரும்புகின்றன. இவற்றிற்குக் காலந்தோறும் மசகு ஊட்ட வேண்டும். பல ஆண்டுகள் மசகின்றிக் கிடந்த மூட்டின் திருகு தேய்ந்து போனால், வண்டி திரும்பும்போது மூட்டு கழன்று சக்கரம் மடங்கி விழும். பழைய மைனர் வண்டிகளை அறிந்தோர் அனைவரும் அஞ்சும் பழுது இதுவே. வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, தளர்ச்சி இருந்தால் மூட்டை மாற்ற வேண்டும்.

5. எஞ்சினை விடுவித்தல்

இப்பொழுதுதான் எஞ்சினுக்கு வருகின்றோம். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இலேசான எண்ணெய் சிறிதளவு ஊற்றிச் சில நாள் ஊற விட வேண்டும். பின்னர், பழைய எஞ்சின் எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெயும் வடிகட்டியும் இட வேண்டும். வடித்த எண்ணெயைக் கால்வாயில் கொட்டாமல் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

அடுத்து, கியரை நடுநிலையில் வைத்து, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். மைனருக்கு முன்புறத்தில் செருகிச் சுழற்றும் கைப்பிடி உண்டு. எஞ்சின் அசையவில்லை என்றால் முரட்டுத்தனம் காட்டாதீர்கள். மேலும் எண்ணெயிட்டுக் காத்திருங்கள். துருவால் ஒட்டிக்கொண்ட பிஸ்டன் வளையத்தை மின் மோட்டாரின் வலிமையால் இழுத்தால் அது உடைந்து, சிலிண்டரையும் கீறிவிடும். சில நாள் பொறுமை பெருஞ்செலவைத் தவிர்க்கும்.

எஞ்சின் தடையின்றிச் சுழன்ற பிறகு, பிளக்குகளைப் பூட்டாமலே தொடர்ந்து சுழற்ற வேண்டும். அப்பொழுது எண்ணெய் எல்லா இடங்களுக்கும் ஏறும். எண்ணெய் அழுத்த விளக்கு அணைவதே அதற்கு அடையாளம்.

6. பெட்ரோலும் நீரும்

பழைய பெட்ரோலை முழுவதும் வெளியேற்றித் தொட்டியைக் கழுவ வேண்டும். குழாய்களை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றித் தூய்மை செய்ய வேண்டும். வெடித்த ரப்பர் குழாயிலிருந்து சூடான எஞ்சின் மீது ஒழுகும் பெட்ரோலால் எத்தனையோ பழைய வண்டிகள் எரிந்து போயிருக்கின்றன. தீயணைப்புக் கருவி ஒன்று அருகில் இருக்கட்டும். ரேடியேட்டரைக் கழுவி, அதன் ரப்பர் குழாய்களையும் மாற்ற வேண்டும்.

அக்கால எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு செய்வதால் அது நிறுத்தப்பட்டது. ஈயமற்ற பெட்ரோலில் நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் வால்வுகள் அமரும் இடம் தேயக்கூடும். நிதானமாக ஓட்டுவோருக்கு இத்தொல்லை குறைவு.

7. மின்சாரம்

மின்கம்பிகளின் மேலுறை காய்ந்து உதிர்ந்திருக்கும், எலிகளும் கடித்திருக்கும். கம்பிகளைச் சோதித்து மாற்றிய பின்னரே பேட்டரியைப் பூட்ட வேண்டும். இங்கே ஒரு செய்தியை மறவாதீர்கள். இக்கால வண்டிகளில் பேட்டரியின் எதிர்முனை உடலோடு இணைக்கப்படுகின்றது. மோரிஸ் மைனரிலோ நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது. ஆனால், முன்பிருந்த உரிமையாளர் எவரேனும் அதனை மாற்றியிருக்கவும் கூடும். எனவே, ஆராய்ந்து பார்த்தே இணைக்க வேண்டும்.

பேட்டரிக்கு மின்னூட்டும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அருகில் சிகரெட் புகைத்தல் ஆகாது. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியை 0.025 அங்குலத்திற்கும், தீப்பொறி பகிர்வியில் உள்ள தொடுமுனைகளின் இடைவெளியை 0.015 அங்குலத்திற்கும் அமைத்தல் வேண்டும். ஒரு தாளின் தடிமன் அளவு பிசகினாலும் எஞ்சின் முரண்டு பிடிக்கும்.

8. டயரும் முதல் ஓட்டமும்

பூவேலைப்பாடு தேயாமல் இருந்தாலும் பழைய டயரை நம்பலாகாது. 2000-ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் காணப்படும். 2319 என்று இருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். மாணவர்களே, உங்கள் வீட்டு வண்டியின் டயர் எப்பொழுது பிறந்தது என்பதை இன்றே பார்த்துச் சொல்லுங்கள்!

வேலைகள் முடிந்ததும், முதல் ஓட்டத்தை வீட்டு வளாகத்திலேயே நடை வேகத்தில் நடத்த வேண்டும். கால் பிரேக், கைப்பிரேக் இரண்டையும் பல முறை சோதிக்க வேண்டும். பின்னர் வண்டியை நிறுத்தி, அடியில் ஏதேனும் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். பொதுச்சாலைக்குச் செல்லுமுன், சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளின்படி சோதனை, காப்புறுதி, சாலை வரி ஆகிய மூன்றையும் நிறைவு செய்தல் கடமையாகும். பதிவுப் புத்தகம் உண்டா, அது யார் பெயரில் உள்ளது என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்வது நன்று. உரிய பத்திரம் இல்லாத வண்டிக்கு உழைப்பைச் செலவிட்டுப் பின்னர் வருந்துவானேன்?

மாணவர்கள் செய்யக்கூடியவை

"இவையெல்லாம் பெரியவர் வேலை, எங்களுக்கு என்ன?" என்று கேட்கிறீர்களா? உங்களுக்கும் வேலை உண்டு. கழற்றிய திருகாணிகளைத் தனித்தனிப் பால் டின்களில் இட்டு, எது எங்கிருந்து வந்தது என்று தாளில் எழுதி ஒட்டுங்கள். கழற்றுமுன் அவ்வுறுப்பின் படத்தை வரைந்து வையுங்கள். ஒரு குறிப்பேட்டில் நாள், செய்த வேலை, செலவு ஆகியவற்றைப் பதியுங்கள். எட்டு மாதம் கழித்து, "இந்தத் திருகாணி எதற்கு உரியது?" என்று பெரியவர் திகைக்கும்போது உங்கள் குறிப்பேடே வழிகாட்டும்.

இதில் அறிவியலும் உண்டு, கணிதமும் உண்டு, மொழியும் உண்டு. தோட்டத்துப் பட்டறையில் கைகள் கறுக்க உழைக்கும் தந்தையரும் அண்ணன்மாரும் நாள்தோறும் பயன்படுத்துவது இக்கல்வியையே. கையால் செய்யும் தொழிலைத் தாழ்வாக எண்ணுவோர், ஒவ்வொரு வளைவிலும் தம்மைக் காப்பது ஒரு தொழிலாளி முறையாக முடுக்கிய திருகாணியே என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பழைய பொருள் என்பதற்காக எறிந்துவிடவும் வேண்டா. பழைய பொருள் என்பதற்காகக் கண்மூடிப் போற்றவும் வேண்டா. ஆராய்ந்து, பொறுமையோடு, வரிசை தவறாமல் உழைத்தால், உறங்கிய வண்டி எழும். அதில் ஏறிச் செல்பவரும் நலமாக வீடு திரும்புவர்.

சிந்திக்க:

1. நீண்ட காலம் ஓடாத வண்டி கெடுவதற்குரிய காரணங்களில் மூன்றினைக் கூறுக.
2. 'பிரேக் ஆயில்' என்னும் பெயர் ஏன் பொருத்தமற்றது?
3. காலியான பெட்ரோல் தொட்டி ஏன் ஆபத்தானது?
4. எஞ்சினுக்கு முன் பிரேக்கைப் பழுது பார்க்க வேண்டும் என்பதன் காரணத்தை உம் சொந்த நடையில் விளக்குக.